சூரியத் தகடும் விலைப்புள்ளியும்: ஒரு பனுவலை வாசிக்கும் முறை

மொழியியலாளர் ஒருவர் மேடையேறினால் ஒலியன், உருபன், தொடரியல் என்றே தொடங்குவார் என அவையோர் எதிர்பார்ப்பது இயல்பே. இம்முறை நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பனுவல் இரண்டே பக்கங்கள் கொண்டது. வண்ணத்தில் அச்சிடப்பட்டது. ஆசிரியர் பெயர் இல்லாதது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்தித் தருவதற்கு நிறுவனம் ஒன்று அளித்த விலைப்புள்ளி அது. நம் நாட்டுத் தமிழர் பேச்சில் அதைக் கொட்டேஷன் என்பர். மலாய்மொழியில் அது ‘செபுட் ஹர்கா’; ‘விலையைச் சொல்’ என்பது அதன் நேர்ப்பொருள். இப்பெயரை நாம் மிகவும் விரும்புகிறோம். சொல்லப்பட்டது விலை மட்டும்தானா, சொல்லாமல் விடப்பட்டது எவ்வளவு என்று கேட்க அப்பெயரே இடம் தருகிறது.

பணியிலிருந்தவாறே நம்மிடம் பட்டப்படிப்புப் பயின்ற மாணவி ஒருவர் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். கிடைத்த பணிக்கொடையின் ஒரு பகுதியைச் சூரிய மின்னாற்றலுக்கு ஒதுக்க எண்ணி, மூன்று விலைப்புள்ளிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிற்கு வந்தார். “ஐயா, மூன்றுமே ஐந்து கிலோவாட் என்றுதான் சொல்கின்றன. விலை மட்டும் மூன்று விதமாக இருக்கிறது. எது நியாயமான விலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டார். முதல் நிறுவனத்தின் சலுகை ஏழு நாளில் முடிந்துவிடும் என்றும் கவலைப்பட்டார். முப்பத்து மூன்றாண்டுப் பணியின் ஈட்டம் அந்தத் தாள்களில் நிற்கிறது என்பதால் நாமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதமும் எழுதுகோலும் கொண்டுவந்து மேசையில் அமர்ந்தோம்.

விலைகள் இவை. முதல் நிறுவனம் 22,000 ரிங்கிட். இரண்டாவது 19,500 ரிங்கிட். மூன்றாவது 25,800 ரிங்கிட். அம்மையாரின் மனம் இரண்டாவதின்பால் சாய்ந்திருந்தது. 2,500 ரிங்கிட் குறைவு என்றால் யாருக்குத்தான் சாயாது?

எந்தக் கிலோவாட்?

வாட் என்பது ஆற்றல் பாயும் வேகம். குழாயில் நீர் வரும் விரைவைப் போன்றது. கிலோவாட் மணி என்பது சேர்ந்த அளவு; வாளியில் நிரம்பிய நீர். நாம் வழக்கில் யூனிட் என்பதும் மின்கட்டணச் சீட்டில் கணக்கிடப்படுவதும் இந்தக் கிலோவாட் மணியே. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மிகப் பரவலான பிழை. விற்பனையாளர்கள் நாவிலும் அது அடிக்கடி வருகிறது.

சூரிய மின்னாற்றலில் இன்னொரு நுட்பம் உண்டு. கிலோவாட் என்னும் சொல்லின் வாலில் ‘பி’ என்னும் சிறிய எழுத்து சில இடங்களில் ஒட்டியிருக்கும். இலக்கண மாணவர்கள் அதை ஒரு விகுதியாகக் கொள்ளலாம். விகுதி மாறினால் பொருள் மாறும். அந்த எழுத்து இருந்தால் அது உச்சக் கிலோவாட். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ, தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்க, ஆய்வுக்கூடத்தில் அளந்தெடுத்த திறன் அது. தகடுகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் வாட்டால் பெருக்கினால் அது கிடைக்கும். அந்த எழுத்து இல்லையேல் அது பெரும்பாலும் இன்வர்ட்டரின் திறனாக இருக்கும். இன்வர்ட்டர் என்பது தகடுகள் தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டிற்கு வேண்டிய மாறுமின்னோட்டமாக்கும் கருவி. சிலர் இதற்கு ‘மின்மாற்றி’ என்று எழுதுகின்றனர். மின்மாற்றி என்பது தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு வழங்கி நிலைபெற்றுவிட்ட சொல். ஒரே பெயரை இரு கருவிகளுக்குச் சூட்டுவதைவிட இன்வர்ட்டர் என்றே எழுதிவிடுவது நேர்மை என்பது கலைச்சொல்லாக்கத்தில் பல்லாண்டு உழன்ற நம் கருத்து.

இப்போது மூன்று தாள்களையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தோம். முதலாவதில் 620 வாட் தகடுகள் 8. ஆக 4,960 வாட். மூன்றாவதிலும் அவ்வாறே. இரண்டாவதில் 550 வாட் தகடுகள் 7. பெருக்கினால் 3,850 வாட் மட்டுமே. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மின்னிய ‘5 கிலோவாட்’ இன்வர்ட்டரின் எண். பொய் ஒன்றும் இல்லை. ஐந்து கிலோவாட் இன்வர்ட்டர்தான் தரப்போகிறார்கள். ஆனால் வெயிலை மின்னாக்குவது தகடு; இன்வர்ட்டர் அன்று.

ஆதலால் விலையை உச்ச வாட்டால் வகுப்பதே முதல் அளவுகோல். முதல் நிறுவனம் ஒரு வாட்டிற்கு 4.44 ரிங்கிட் கேட்கிறது. மூன்றாவது 5.20 ரிங்கிட். மலிவாகத் தோன்றிய இரண்டாவது 5.06 ரிங்கிட். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

ஆனால் இரண்டாவது நிறுவனத்திற்கு நாம் அநீதி இழைத்துவிடக் கூடாது. கூரையேறும் ஆட்கூலி, சாரம், விண்ணப்பம், போக்குவரத்து, மின்காப்புச் சாதனங்கள் ஆகியவை ஏழு தகட்டிற்கும் எட்டுத் தகட்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. தகடுகளின் விலை உலகச் சந்தையில் வெகுவாக வீழ்ந்துவிட்ட இக்காலத்தில், வீட்டு அமைப்பு ஒன்றின் மொத்த விலையில் தகடுகளுக்கு உரியது சிறு பங்கே. எனவே சிறிய அமைப்பில் ஒரு வாட்டின் விலை கூடுவது இயற்கை. பத்துக் கிலோவாட் போட்ட அண்டை வீட்டார் “எனக்கு வாட்டிற்கு இவ்வளவுதான் ஆயிற்று” என்று சொன்னால் அதை நம் நான்கு கிலோவாட்டோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒத்த அளவை ஒத்த அளவோடுதான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு என்னும் எதிர்காலவினை

முதல் நிறுவனத்தின் தாளில் நடுவே ஒரு பச்சைக் கட்டம். ‘மாதந்தோறும் 428 ரிங்கிட் சேமிப்பீர்கள். நாலேகால் ஆண்டில் முதல் திரும்பும்.’ வினைமுற்று எதிர்காலத்தில் இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிய கூற்று எதுவும் சில எடுகோள்களின்மீது நிற்கும். அவ்வெடுகோள்கள் அந்தக் கட்டத்திற்குள் இல்லை. நாம் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் அவற்றைக் கண்டெடுத்தோம்.

அதற்கு முன்னர் அம்மையாரின் மின்கட்டணச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். மாதம் ஏறத்தாழ 700 யூனிட். கட்டணம் சற்றேறக்குறைய 300 ரிங்கிட். மூன்று வாரமாக அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 300 ரிங்கிட் கட்டணத்தில் 428 ரிங்கிட் எப்படி மிச்சமாகும் என்று அப்போதுதான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கணக்குப் பாடம் கற்பித்தவர்!

அந்த 428 எங்கிருந்து வந்தது? ஐந்து கிலோவாட், நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வெயில், முப்பது நாள்: 750 யூனிட். அதை 57.1 சென்னால் பெருக்கினால் 428 ரிங்கிட் 25 சென். இந்த ஒரு பெருக்கலில் மூன்று எடுகோள்கள் ஒளிந்துள்ளன.

முதலாவது, ஐந்து மணி நேரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக விழும் ஒளியாற்றல் ஏறத்தாழ நாலரைக் கிலோவாட் மணி. அதுவும் முழுமையாகக் கைக்கு வாராது. நண்பகலில் கூரைத் தகட்டின் வெப்பம் 60 பாகையைத் தொடும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 விழுக்காடு திறன் குறைவதால், அந்நேரத்தில் பத்து விழுக்காட்டிற்கும் மேல் வெப்பத்திலேயே போய்விடும். வெயில் நாடு என்பதால் சூரிய மின்சாரம் கொட்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர். தகட்டிற்கு வேண்டியது ஒளி, வெப்பம் அதற்குப் பகை. தூசு, கம்பி, இன்வர்ட்டர் ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் மொத்தத்தில் கால் பங்கு கழியும். எஞ்சுவது ஓர் உச்சக் கிலோவாட்டிற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட். நிழல் விழாத கூரைக்கு நாம் கொள்ளத்தக்க எண் இதுவே. ஐந்து கிலோவாட்டிற்கு ஆண்டுக்கு 6,000, மாதத்திற்கு 500. தாளில் கண்ட 750 அன்று.

இரண்டாவது, 57.1 சென். தீபகற்பத்தில் தெனாகா நேஷனல் நெடுங்காலம் வசூலித்த படிநிலைக் கட்டணத்தில் மிக உயர்ந்த படி அது. மாதம் 900 யூனிட்டிற்கு மேற்பட்ட பயன்பாட்டிற்கு மட்டுமே உரியது. 700 யூனிட் வீடு அப்படியை எந்நாளும் மிதித்ததில்லை. அன்றியும் 2025 சூலை 1ஆம் நாள் அந்தப் படிநிலை முறையே மாறிவிட்டது. இப்போது மாதம் 1,500 யூனிட்டிற்கு உட்பட்ட வீடுகளுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென், மூன்றும் சேர்ந்து யூனிட்டிற்கு 44.43 சென். இவற்றுக்கு மேல் வரியும் எரிபொருள் விலைச் சரிக்கட்டலும் உண்டு. குறைவாகப் பயன்படுத்துவோர்க்கு ஊக்கக் கழிவும் உண்டு. கணக்கு எளிதாக வேண்டி அவற்றை இங்கு விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது எடுகோள்தான் நுட்பமானது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் நாம் வாங்கும் யூனிட்டிற்கு நிகர் என்பது அது. நெம் 3.0 எனப்பட்ட நிகர மின்மானித் திட்டம் நடந்தவரை வீடுகளுக்கு அது உண்மை. பகலில் கம்பிவழி அனுப்பிய ஒரு யூனிட், இரவில் வாங்கிய ஒரு யூனிட்டைக் கழித்துவிடும். அத்திட்டம் 2025 சூன் மாதத்தோடு முடிந்தது. அதனிடத்தில் வந்திருப்பது சோலார் அதாப். ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைக் கோத்து மலாய்ச் சொல் ஒன்று கிடைக்குமாறு செய்த பெயர் அது. அதாப் என்றால் கூரை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் முன்னோர் வாழ்ந்த அத்தாப்பு வீடுகளின் அத்தாப்பே இது. நீப்பா ஓலை வேய்ந்த கூரையைக் குறித்த சொல் இன்று சிலிக்கன் வேய்ந்த கூரைமீது ஏறியிருக்கிறது. சொற்பொருள் விரிவுக்கு எடுத்துக்காட்டு தேடும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

புதிய திட்டத்தில், பகலில் நம் வீட்டிலேயே நாம் பயன்படுத்தும் மின்சாரம் 44.43 சென் மதிப்புடையது. ஏனெனில் அதை நாம் வாங்கவேயில்லை. மிஞ்சி வெளியே செல்லும் மின்சாரத்திற்கோ ஆற்றல் கட்டணமாகிய 27.03 சென் மட்டுமே வரவு வைக்கப்படுகிறது. ஒரு மாதத்தில் தீராத வரவு அடுத்த மாதத்திற்குச் செல்வதுமில்லை. ஆகவே பகலில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்னும் வினா திடீரென்று முதன்மை பெற்றுவிட்டது. பழைய திட்டத்திற்குச் செய்த கணக்கு அச்சை மாற்றாமல் புதிய தேதியிட்டுத் தரும் விலைப்புள்ளிகள் பெருந்தீங்கு செய்கின்றன. வஞ்சகம் என்று நாம் சொல்லவில்லை, சோம்பலாகவும் இருக்கலாம். இழப்பு என்னவோ வாங்குபவருக்கே.

அம்மையார் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கைப் பகலில் பயன்படுத்துவார் எனக் கொள்வோம். 500 யூனிட்டில் 200 வீட்டில் செலவாகும். அதன் மதிப்பு 88 ரிங்கிட் 86 சென். மீதி 300 வெளியே செல்லும். அதற்கு 81 ரிங்கிட் 9 சென். ஆக மாதச் சேமிப்பு ஏறத்தாழ 170 ரிங்கிட்; ஆண்டுக்கு 2,040. 22,000 ரிங்கிட்டை 2,040ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய பத்தேமுக்கால் ஆண்டு. பச்சைக் கட்டம் சொன்னது நாலேகால். ஒரே தகடு, ஒரே கூரை, ஒரே விலை. எடுகோள்கள் மட்டுமே வேறு. பத்தேமுக்கால் ஆண்டு என்பதும் மோசமான முதலீடு என்று நாம் கருதவில்லை. தகடுகள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடியவை. ஆனால் பத்தாம் ஆண்டையொட்டி இன்வர்ட்டரை ஒருமுறை மாற்ற நேரும். அதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர் நாலேகால் ஆண்டு என்று நம்பிப் பணிக்கொடையை இறக்குவதும், பதினோர் ஆண்டு என்று தெரிந்து இறக்குவதும் ஒன்றாகுமா?

நிழலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ள நமக்குக் கூரை எத்திசை நோக்கியது என்பது குளிர்நாட்டவர்க்குப் போல் பெருஞ்சிக்கல் அன்று. நிழல்தான் சிக்கல். அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ரம்புத்தான் மரம், பத்தாண்டில் உயரப்போகும் மாங்கன்று ஆகியவை 1,200 என்னும் எண்ணைக் குறைக்கும். கூரையைப் பார்க்காமல், வான்படத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவரிடம் நிழல் கணக்கைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு நிறுவனம் மட்டுமே ஆளனுப்பிக் கூரையேறிப் பார்த்தது. அது மூன்றாவது.

தேவைப்படின்

இனித் தொடரியலுக்கு வருவோம். முதல் நிறுவனத்தின் தாளில் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு தொடர்: ‘தேவைப்படின் கூடுதல் பணிகளுக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்படும்.’ மூலம் ஆங்கிலத்தில் இருந்தது. பொருளை நாம் தமிழில் தருகிறோம். செயப்பாட்டுவினையின் பயன் செய்பவனை மறைப்பது. யார் விதிப்பார்? தேவை என்று யார் முடிவு செய்வார்? எப்போது? தகடுகள் பாதி ஏறிய பின்னரா? எழுவாயைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி மாணவர்களை நாம் வகுப்பில் துன்புறுத்துவது இத்தகைய இடங்களுக்காகத்தான்.

அம்மையாரிடம், அந்தத் ‘தேவை’களை எண்களாக எழுதித் தருமாறு கேட்கச் சொன்னோம். வாய்மொழியாக அன்று, எழுத்தில். மூன்று நாள் கழித்து விடை வந்தது. மின்பகிர்வுப் பெட்டியில் மாற்றம் 800 ரிங்கிட். மின்னல் முதலியவற்றால் எழும் மின்னெழுச்சிக்கான காப்பு 900. விண்ணப்பமும் மின்மானி மாற்றமும் 1,200. ஆக 2,900 ரிங்கிட். முதல் நிறுவனத்தின் உண்மை விலை 24,900. ஒரு வாட்டிற்கு 5.02 ரிங்கிட். மூன்றாவது நிறுவனத்தின் 25,800இல் இவை அனைத்தும் முன்னரே அடங்கியிருந்தன. நான்காயிரத்தை நெருங்கிய வேறுபாடு 900 ரிங்கிட்டாகச் சுருங்கியது. இடி மிகுந்த நம் நாட்டில் மின்னெழுச்சிக் காப்பைத் ‘தேவைப்படின்’ என்னும் பட்டியலில் சேர்த்தவரின் துணிவை நாம் வியந்தோம்.

அடுத்து ‘உத்தரவாதம்’. மூன்று தாள்களிலும் ‘25 ஆண்டு உத்தரவாதம்’ என்று காணப்பட்டது. உருபு தொக்க தொடர் பல பொருள்பட விரியும் என்பதை நன்னூல் படித்தோர் அறிவர். இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்பார் பவணந்தியார். இங்கே மூன்று மயங்குகின்றன. தகட்டின் திறன் இத்தனை ஆண்டில் இவ்வளவுக்குக் கீழே இறங்காது என்பது ஒன்று. தகடு உடைந்தோ பழுதுபட்டோ போனால் மாற்றித் தருவது இன்னொன்று. கூரையில் துளையிட்டுப் பொருத்திய வேலையில் குறை நேர்ந்து மழை ஒழுகினால் வந்து சரிசெய்வது மூன்றாவது. இருபத்தைந்து ஆண்டு என்பது பெரும்பாலும் முதலாவதற்கு உரியது. அதை அளிப்பவர் தகட்டை உருவாக்கிய தொழிற்சாலை. அதுவோ பெரும்பாலும் சீனத்தில் உள்ளது. இன்வர்ட்டருக்குத் தனியே ஐந்து முதல் பத்தாண்டு வரை அளிப்பர். வீட்டுக்காரருக்கு உண்மையில் முதலில் தேவைப்படக்கூடியது ஒழுகும் கூரைக்கான உத்தரவாதமே. முதல் இரு நிறுவனங்களும் அதற்கு ஓராண்டு எழுதியிருந்தன, மூன்றாவது ஐந்தாண்டு. அந்த 900 ரிங்கிட் எங்கே போகிறது என்பதற்கு இதில் விடை கிடைத்தது.

‘வரை’ என்னும் இடைச்சொல்லும் கவனத்திற்குரியது. ‘90 விழுக்காடு வரை சேமிக்கலாம்’ என்று இரண்டாவது தாள் கூறியது. வரை என்பது மேல் எல்லையை மட்டும் குறிப்பது. ஐந்து விழுக்காடு சேமித்தாலும் அக்கூற்று பொய்யாகாது. மலாய் விளம்பரங்களில் ‘ஹிங்கா’ செய்யும் வேலையும் இதுவே.

வட்டியில்லாத் தவணையைப் பற்றி அம்மையார் கேட்டார். கடனட்டை வழியே முப்பத்தாறு மாதத்தில் கட்டலாம், வட்டி இல்லை என்று இரண்டாவது நிறுவனம் சொல்லியிருந்தது. வங்கி எதையும் இலவசமாகச் செய்வதில்லை. அதற்குரிய கழிவை விற்பவரிடம் பெற்றுக்கொள்ளும், விற்பவர் அதை விலையில் ஏற்றியிருப்பார். “ஒரே தடவையில் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?” என்று கேட்டால் போதும் என்றோம். கேட்டார். 1,400 ரிங்கிட் குறைந்தது.

இன்னொரு மயக்கத்தையும் களைய நேர்ந்தது. மின்தடை வந்தாலும் வீட்டில் விளக்கெரியும் என்று அவர் எண்ணியிருந்தார். மின்கலம் இல்லாத, கம்பியோடு இணைந்த அமைப்பு மின்தடையின்போது தானே நின்றுவிடும். தெருவில் கம்பி பழுதுபார்க்கும் தொழிலாளியை நம் கூரையிலிருந்து செல்லும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மின்கலம் வேண்டுமானால் விலை வேறு, கணக்கும் வேறு.

பொருத்துநர் தகுதியுடையவரா என்பதை அறிவது இவற்றிற்கெல்லாம் முன்னர்ச் செய்ய வேண்டியது. நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமாகிய செடா, பதிவு பெற்ற சூரிய ஒளிமின் சேவையாளர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. மூன்று பெயர்களும் அதில் இருந்தன. இல்லாத பெயருக்கு எந்த விலையும் நியாய விலையாகாது என்பதால் நாம் அதற்கு மேல் ஆராயவே மாட்டோம்.

எட்டாம் நாள் முதல் நிறுவனத்திலிருந்து அம்மையாருக்கு அழைப்பு வந்தது. சலுகையை மாத இறுதிவரை நீட்டித்திருக்கிறார்களாம். அவர் நன்றி சொல்லிவிட்டு, ஐந்து மணி நேர வெயில் என்ற எண் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிய இளைஞர் பிறகு அழைக்கவில்லை.

மூன்றாவது நிறுவனத்திடம் இரு திருத்தங்கள் கேட்டார். சேமிப்புக் கணக்கை 44.43, 27.03 என்னும் இரு எண்களைக் கொண்டு மீண்டும் எழுதித் தர வேண்டும். ஒழுகலுக்கான ஐந்தாண்டுப் பொறுப்பை ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பெயரை எழுவாயாக வைத்து எழுத வேண்டும். இரண்டையும் செய்தனர். விலையில் 600 ரிங்கிட்டும் குறைத்தனர். புதிய தாளில் முதல் திரும்பும் காலம் பன்னிரண்டு ஆண்டு நான்கு மாதம் என்று கண்டிருந்தது. நம் கணக்கும் அதுவே. சலவை இயந்திரத்தையும் குளிரூட்டியையும் பகலில் இயக்கி, உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்கை வீட்டிலேயே பயன்படுத்தினால் அது பதினோர் ஆண்டை ஒட்டிவரும் என்று கணக்கிட்டுக் காட்டினோம். ஓய்வு பெற்றவர் பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறார்.

அவர் கையொப்பமிட்டது ஒரு வியாழக்கிழமை. எட்டுத் தகடுகளும் ஏறிவிட்டன. மாதந்தோறும் மின்மானியின் எண்களைப் பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் வெற்றுப் பக்கங்களில் குறித்துவருகிறார். முதல் மாதம் 471 யூனிட்; மழை மிகுந்த மாதம். இரண்டாம் மாதம் 508.